முடிவுகள்: பூஜ்ஜியம்

செருப்புக் கடைக்காரர் காலி செய்துபோன அறையில்
இரண்டு கணினி, ஒரு மோடம்,
சுவரில் ஆணியடித்த வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
நோவி சாட் நகரத்து ஜனவரி.
டான்யூப் பக்கமிருந்து வந்த காற்று
கதவிடுக்கில் விசிலடித்துக்கொண்டிருந்தது.

படம் ஒன்று ஒரு டாலர் என்றான் மிலோராத்.
அடிமாட்டு விலை என்றார் புடிமிர்.
இருபது வருடம் செய்தித்தாளுக்குப் படமெடுத்தவர்.
முதுகொடிந்து ஆற்றில் கிடந்த பாலங்களை
முதல் பக்கத்தில் நிறுத்தியவர்.
இப்போது எலுமிச்சம்பழத்தைத் துணிமேல் வைத்து
நிழல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்.
“நிழல் இருந்தா விக்காது.”
“அப்போ பேயத்தான்டா படம் எடுக்கணும்.”

என் வேலை, படங்களுக்குக் குறிச்சொல் எழுதுவது.
சாவிக்கொத்து: வீடு, பாதுகாப்பு, புதிய தொடக்கம்.
கைகுலுக்கல்: நம்பிக்கை, ஒப்பந்தம், வெற்றி.
அதில் ஒரு கை புடிமிருடையது.
மற்றது, மூன்று மாத வாடகை கேட்டு வந்த
கட்டடக்காரருடையது.
அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே
விளக்குகளைப் போட்டுவிட்டோம்.

விளம்பரத்துக்குக் காசில்லை.
இரண்டாயிரம் சர்க்கரைப் பொட்டலம் அச்சடித்தான் மிலோராத்:
‘இந்தக் காபியின் விலைக்கு ஒரு படம்.’
கடை கடையாக ஏறி இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.
ஒரு வாரம்
ஊரே எங்கள் பெயரைக் கிழித்துக்
கலக்கிக் குடித்தது.
ஒருவரும் வரவில்லை.
பிறகு பதினான்கு நாடுகளுக்குக் கடிதம்,
பத்துப் படம் வாங்கினால் இரண்டு கொசுறு.

பிப்ரவரி ஒன்பது, அதிகாலை மூன்று நாற்பது.
வின்னிபெக்கில் யாரோ
பாதி திறந்த கதவொன்றை வாங்கினார்கள்.
எங்கள் கழிவறைக் கதவு.
முதல் போணி.
கண்ணில் ஒற்றிக்கொள்ள நோட்டு ஏது?
மிலோராத் திரையைத் தொட்டுப் பார்த்தான்.
புடிமிரின் பங்கு இருபது சென்ட்.
“கதவுக்கு எதுவும் தர வேண்டாமா?” என்றார்.

மார்ச்சில்தான் அந்தப் பட்டியலைத் திறந்தேன்.
தேடி, கிடைக்காமல் திரும்பியவர்கள்
விட்டுப்போன சொற்கள்.
கண்ணாடி போட்ட வாத்து.
சிரிக்கும் பல் மருத்துவர், மீசை வேண்டாம்.
மழையில் லாரி.
காலித் தொட்டில்.
அப்புறம்
மன்னிப்பு.
ஒரே ஆள், ஒரே இரவு, பதினொரு முறை.
மன்னிப்பு, மன்னிக்கவும், மன்னிச்சிடு,
எழுத்துப் பிழையோடு ஒன்று,
கடைசியில் வெறும் ம.
ஒவ்வொன்றுக்கும் எங்கள் இயந்திரம் சளைக்காமல் சொல்லியிருந்தது
முடிவுகள்: பூஜ்ஜியம்.

“இல்லாத சரக்கத்தான் மொதல்ல எடுக்கணும்” என்றான் மிலோராத்.
எப்படி எடுப்பது அதை?
பூங்கொத்து வைத்தோம், பிறந்தநாள் ஆனது.
மண்டியிட வைத்தோம், கல்யாணம் கேட்பதுபோல் ஆனது.
சலித்துப்போய் புடிமிர் துணிக்கு முன்னால் அவரே நின்றார்.
கணக்கெழுத வந்த ராடொய்காவிடம் கேமராவைக் கொடுத்தார்.
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி,
“ராடொய்கா, இந்த மாசமும் உன் சம்பளம்…”
அவள் பொத்தானை அழுத்தினாள்.

சுவரில் நிழல் விழுந்திருந்தது.
அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஏப்ரலில் நாற்பத்தாறு பிரதி போனது.
ஒன்று ஊருக்கே திரும்பி வந்தது.
எங்களுக்குக் கடன் மறுத்த வங்கியின் கண்ணாடியில்
ஆறடி உயரத்துக்கு, தொப்பியும் கையுமாகப் புடிமிர்:
‘கட்டண உயர்வுக்கு வருந்துகிறோம்.’
அவர் சாலையின் எதிர்ப்புறம் நின்று
நெடுநேரம் பார்த்தார்.
“நிழல வெட்டிட்டானுங்க” என்றார்.

ராடொய்காவுக்கு மாதக் கடைசியில் சம்பளம் கொடுத்தோம்.
பிப்ரவரிக்கு உரியது.

பதினொரு முறை கேட்ட அந்த ஆள்
திரும்பி வரவேயில்லை.
இரவில் விளக்கணைக்கும் முன்
நானே ஒருமுறை அந்தச் சொல்லைத் தட்டிப் பார்க்கிறேன்.
முடிவுகள்: ஒன்று.

வெள்ளிக்கிழமை வாத்து வருகிறது.
கண்ணாடி, புடிமிருடையது.